நொட்டாங்கை எழுத்து

2 ஜூன் 2025, திங்கள்

இன்று பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டன. காலை எட்டு மணிக்கே தெருவில் வேனும் ஆட்டோவுமாக ஒரே சத்தம். எதிர்வீட்டுப் பிள்ளைகள் புதுப்பையை மாட்டிக்கொண்டு நின்றதை எங்கள் குட்டி கம்பிக் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் போக வேண்டாம்லாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். உடனே பூனைக்குத் தண்ணீர் வைக்க ஓடிவிட்டாள். எனக்குத்தான் வயிற்றைப் பிசைந்தது.

ஆறு வயது நான்கு மாதம் ஆகிறது அவளுக்கு. யு.கே.ஜி. பாதியில், போன டிசம்பரில் நிறுத்தினோம். அவளுக்கு நொட்டாங்கைப் பழக்கம். அங்கே பென்சிலை வலது கைக்கு மாற்றி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வலது கையில் அவளுக்கு மெதுவாகத்தான் வரும், எழுதி முடிக்காத பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் கிடையாது. தீபாவளி கழிந்ததிலிருந்து தினமும் காலையில் வாந்தி எடுத்தாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். எங்களுக்கு விஷயம் புரிய மேலும் மூன்று வாரம் ஆனது, அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அப்புறம் பென்சில் என்றாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள்.

சரி, இனி வீட்டில்தான் படிப்பு. பாடநூல் கழகத்தின் இணையதளத்திலிருந்து முதல் வகுப்பு முதல் பருவப் புத்தகங்களை இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்பது மணிக்குத் தமிழ், ஒன்பதே முக்காலுக்குக் கணக்கு, பத்தரைக்கு ஆங்கிலம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒன்பது இருபதுக்கு அவள் மேசைக்கு அடியில் இருந்தாள்.

4 ஜூன், புதன்

நாத்தனார் போன் பண்ணினார். பள்ளிக்கு அனுப்பாமல் வைத்திருப்பது சட்டப்படி குற்றமாகாதா என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை, அவருக்கும் குட்டி மேல் அக்கறைதான். ஆனால் கேள்வி நெஞ்சில் தைத்தது. ஏனென்றால் அதே கேள்வியோடு நானும் எத்தனையோ இரவு உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததை அவரிடம் சொன்னேன். 2009-இல் போட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறிலிருந்து பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது இலவசக் கட்டாயக் கல்வி தருகிறது, ஆனால் வீட்டில் படிக்கிற பிள்ளையைப் பற்றி வெளிப்படையாக ஒரு வரியும் அதில் இல்லை, கூடும் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. பின்னால் சான்றிதழ் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புகளுக்கு இணையான நிலைகள் உண்டு, பதினான்கு வயதில் பத்தாம் வகுப்பும் எழுதலாம். அவள் என்றைக்காவது பள்ளிக்கூடம் போகிறேன் என்றால் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அதே சட்டம்தான் சொல்கிறது.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, அவ இப்ப எழுதுதாளா?" என்றார்.

7 ஜூன், சனி

சுவரிலிருந்த அட்டவணையைக் கிழித்துவிட்டேன். ஆறு நாள்தான் தாங்கியது.

நேற்று நடந்ததையும் எழுதி வைக்கிறேன். அகர வரிசை எழுதச் சொல்லி அவள் இடது கையிலேயே பென்சிலைக் கொடுத்தேன். "அ" போட ஆரம்பித்தாள், சுழி எதிர்ப்பக்கம் போனது, நான் அவள் விரலைப் பிடித்து இழுத்தேன். ஒரு கணம்தான். கையை உருவிக்கொண்டு என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அது போன நவம்பரில் வேன் வரும்போது பார்த்த அதே பார்வை. எந்தக் கைக்காக அவளை அங்கிருந்து கூட்டி வந்தோமோ அந்தக் கையையே நான் பிடித்து இழுத்திருக்கிறேன்.

இரவு வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "உன் நாத்தனாருக்குப் பதில் சொல்றதுக்காகப் பிள்ளையை எழுத வைக்காத" என்றார். உண்மை அதுதான். புதன்கிழமை போன் வந்தது, வெள்ளிக்கிழமை நான் விரலைப் பிடித்து இழுத்தேன். என் பயத்தைத்தான் பாடம் என்று சொல்லி அவள் முன்னால் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

எழுத்துப் பயிற்சி இனி கிடையாது, அவளாகக் கேட்கும் வரை. எத்தனை மாதமானாலும்.

11 ஜூன், புதன்

என் அம்மாவை வள்ளியூர் பஸ்ஸில் ஏற்றிவிடத் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்ட் போயிருந்தோம். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. குட்டி ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் பார்த்து அது எங்கே போகிறது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நாகர்கோவில், பாபநாசம், களக்காடு என்று வாசித்துச் சொன்னேன். களக்காட்டில் மட்டும் நின்றுவிட்டாள்.

"அம்மா, இதுல மூணு க இருக்கு. ஒண்ணு சும்மா நிக்கி, ஒண்ணு பொட்டு வச்சிருக்கு, ஒண்ணுக்கு மட்டும் கால் இருக்கு."

பேசாமல் நின்றேன். மெய், உயிர்மெய் என்று நான் இரண்டு நாள் அட்டை காட்டிச் சொன்னதெல்லாம் அந்த ஒரு பலகையில் வந்து நின்றது. விளக்கிச் சொல்ல வாய் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன். வீடு வரும் வரை டவுன் பஸ்ஸிலிருந்து கடைப் பலகைகளில் பொட்டு வைத்த எழுத்தாகத் தேடிக்கொண்டே வந்தாள். ஒரு பூக்கடைப் பலகையில் நான்கு இருந்ததாம்.

18 ஜூன், புதன்

மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைக்குப் போவது இப்போது வழக்கமாகிவிட்டது. வண்ணார்பேட்டையில் அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நான் கணக்கு நோட்டைப் பார்ப்பேன், குட்டி அப்பாவோடு நிற்பாள். கருகிப் போன பழைய காயிலை வெட்டி எடுத்துவிட்டுப் புதுச் செப்புக் கம்பியைச் சுற்றுவதற்கு ஒரு கை மிஷின் உண்டு. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற எண்காட்டியில் எண் ஏறும். சுற்று எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சரியாக ஓடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார், அதனால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணுகிறாள். ஐம்பத்தொன்பதுக்குப் பிறகு ஐம்பத்துப்பத்து என்று சொல்லிக்கொண்டிருந்தவள், எண்காட்டியில் அறுபது விழுந்ததைப் பார்த்துத் தானே திருத்திக்கொண்டாள்.

இன்று நடந்தது வேறு. கடைச் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளத்தின் கோடு இன்னும் இருக்கிறது. வெள்ளை அடிக்க மனசில்லாமல் அவர் அப்படியே விட்டு வைத்திருக்கிறார். டிசம்பர் 17, 18, அந்த இரண்டு நாளில் தாமிரபரணி கடைக்குள் வந்துவிட்டது. அன்றைக்குக் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. வாடிக்கையாளர்களின் மோட்டார்கள் பதினேழு சேற்றுக்குள் கிடந்தன. எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, காயவைத்து, கூலி வாங்காமல் கட்டிக் கொடுத்தார். அந்தக் கடன் இந்த வருஷம்தான் அடைந்தது.

குட்டி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று, தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வந்தப்போ நான் முங்கியிருப்பேனா?" என்று கேட்டாள். அப்பா டேப்பை எடுத்துக் கொடுத்தார். கோடு தரையிலிருந்து 109 சென்டிமீட்டர். அவள் இப்போது 116. வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் அவள் உயரத்தைக் குறித்து வைப்பது எங்கள் பழக்கம், இரவு வந்து பார்த்தால் 2023 டிசம்பர் குறிப்பு 106-இல் இருக்கிறது. விரல் விட்டு எண்ணி, "மூணு சென்டிமீட்டர் முங்கியிருப்பேன், இப்ப ஏழு மேல இருக்கேன்" என்றாள். தூங்கும்போது திரும்பவும் கேட்டாள், ஆறு மறுபடியும் வருமா என்று. வரும்தான் என்றேன். அப்படியானால் இன்னும் வேகமாக வளர வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

24 ஜூன், செவ்வாய்

அத்தை இரும்புப் பெட்டியை ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து அவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய கோல நோட்டு ஒன்று கிடைத்தது. ஒவ்வொரு கோலத்துக்குக் கீழும் புள்ளி எண்ணிக்கையும் பெயரும் எழுதியிருந்தார்கள். குட்டி யானைக் கோலத்துக்குக் கீழே இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆச்சி, நீ தப்பா எழுதிருக்க" என்றாள்.

"தப்பில்லட்டி, எங்க காலத்துல யானை அப்படித்தான்."

உண்மைதான். பழைய எழுத்தில் ணை, லை, ளை, னை நான்குக்கும் இப்போது போடுகிற மாதிரி முன்னால் தனியாக இணைக்கொம்பு கிடையாது, எழுத்தின் தலையிலிருந்தே ஒரு தும்பிக்கை வளைந்து வரும். பெரியார் எழுதிக் காட்டிய சீர்திருத்தத்தை ஏற்று 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டபோது ணா, றா, னா எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் மாறியது. அதற்கு முன்னால் படித்தவர்கள் கையில் இன்றும் பழையதுதான் வருகிறது, அத்தை இப்போதும் மளிகைச் சீட்டில் வெல்லத்துக்கும் கடலைக்கும் அடுத்தடுத்து எழுதினால் கடலைக்குத் தும்பிக்கை இருக்கும்.

இதை நான் சொல்லி முடிக்கவில்லை, குட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "யானைன்னு எழுதுனா எழுத்துக்கே தும்பிக்கையா!" ஆச்சியிடம் திரும்பவும் எழுதிக் காட்டச் சொன்னாள். அத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதினார்கள். அவள் பென்சிலை வாங்கினாள். நொட்டாங்கையில். ஏழு மாதத்துக்குப் பிறகு, தானாகவே.

படம் வரைகிற மாதிரிதான் வரைந்தாள். தும்பிக்கைக்கு நுனியில் ஒரு வாழைப்பழம்கூட வைத்தாள். பக்கம் முழுக்க யானை, பானை, பூனை. நான் அத்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் சாப்பாட்டில் இடது கை பட்டாலே அவர்களுக்குப் பொறுக்காது, எங்களுக்குள் இதனால் வாக்குவாதமே வந்திருக்கிறது. இன்று ஒன்றும் சொல்லவில்லை. நோட்டு நகராமல் இருக்க இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

1 ஜூலை, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லாத நாள். குட்டிக்குச் சளி, எனக்குத் தலைவலி. என் சம்பளம் இல்லாத ஏழாவது மாதம், சீட்டுப் பணம் கட்ட இந்த முறையும் இழுபறி. நாள் முழுக்க ஒரு பிள்ளையோடு இருப்பது எவ்வளவு பிடித்திருந்தாலும், பாத்ரூம் கதவைச் சாத்தினால் வெளியே நின்று ஒரு குரல் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாயங்காலம் ஆச்சியும் அவளும் பல்லாங்குழி ஆடினார்கள், குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. எனக்கு ஒரு மணி நேரம் கிடைத்தது, தூங்கினேன்.

8 ஜூலை, செவ்வாய்

ஆனித் தேர். உள்ளூர் விடுமுறை, நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் டவுனுக்குப் போனோம். ரத வீதியில் நிற்க இடமில்லை. குட்டியை அவள் அப்பா தோளில் தூக்கிக்கொண்டார். நெல்லையப்பர் தேர் அசைந்ததும் அவளுக்குக் கண் தேர் மேல் இல்லை, சக்கரத்தில்தான் இருந்தது. இவ்வளவு பெரிய தேரை ஸ்டியரிங் இல்லாமல் எப்படித் திருப்புகிறார்கள் என்று கேட்டாள். சக்கரத்துக்கு அடியில் சறுக்குக் கட்டையை உள்ளே தள்ளி அதன் சரிவில் ஏற்றித் திருப்புவதையும், நின்றுவிட்ட தேரைப் பின்னாலிருந்து தடி போட்டு நெம்பிக் கிளப்புவதையும் அப்பா காட்டினார். வடத்தை இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும் கட்டை போடுகிறவர் கண் அசந்தால் போச்சு என்று சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அது நடந்தது. நாத்தனார் மகன் இரண்டாம் வகுப்பு, நல்ல பையன், அவள் அத்தான் அத்தான் என்று அவன் பின்னாலேயே சுற்றுவாள். அவன் தன் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டு வந்திருந்தான். "எங்க, இதை வாசி" என்று நீட்டினான். அவள் எழுத்துக் கூட்டினாள், மூன்றாவது சொல்லில் நின்றாள். "உனக்கு ஒண்ணும் தெரியல" என்றான். கேலியாகக்கூட இல்லை, ஆச்சரியமாகச் சொன்னான். அவள் எழுந்து போய்ப் பூனைப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

நாத்தனார் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். எதை வேண்டுமானாலும் வீட்டில் கொடுத்துவிடலாம், தன் வயதுப் பிள்ளைகள் நடுவில் நிற்கிற பழக்கத்தை நான் எங்கிருந்து கொடுப்பேன்? இதற்கு என்னிடம் பதில் இல்லை. சாயங்காலம் எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்றரை மணி நேரம் விளையாடுகிறாள், அது போதுமா என்று தெரியவில்லை.

9 ஜூலை, புதன்

முதல் பருவப் புத்தகத்தை மறுபடியும் எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு ஒரு நிமிஷம் நின்றேன். நேற்று அவன் சொன்னதுக்காக இன்றைக்கு அவளை உட்கார வைக்கிறேனா? ஆமாம், அதற்காகத்தான். புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டேன். இருவருமாகக் கட்டைகளையும் ஒரு ஷூ பெட்டியையும் வைத்துத் தேர் திருப்பிப் பார்த்தோம்.

14 ஜூலை, திங்கள்

களக்காட்டிலிருந்து ஒருவர் தோட்டத்து மோட்டாரைக் கொண்டு வந்தார், ஒரு எச்.பி. மோனோபிளாக். வருகிற மோட்டார் ஒவ்வொன்றிலும் ஊர் பெயரும் தேதியும் எழுதி ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிடுவது கடை வழக்கம். அவர் அட்டையை எடுத்தார். "அப்பா, நான்" என்றாள் குட்டி.

அவர் என்னைப் பார்க்கவே இல்லை, பேனாவை அவளிடம் கொடுத்துவிட்டார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்து, அவசரமில்லை, எழுதட்டும் என்றார். நாக்கைக் கடித்துக்கொண்டு நொட்டாங்கையில் எழுதினாள். அட்டையைச் சாய்த்து வைத்துக்கொண்டாள், மை கையில் படாமலிருக்க அவளாகவே கண்டுபிடித்த வழி அது. ளகரம் பக்கத்து எழுத்து மேல் ஏறிவிட்டது. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

களககாடு.

என் கையிலும் பேனா இருந்தது. அதற்குள் அவர் அட்டையில் ஓட்டை போட்டு, ஒரு துண்டு செப்புக் கம்பியைக் கோத்து, மோட்டாரில் கட்டி, ராக்கில் ஏற்றிவிட்டார். வந்தவர் ராக்கை அண்ணாந்து பார்த்து, "எங்க ஊருதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரவு பாயில் படுத்த பிறகு இருட்டில் கூப்பிட்டாள்.

"அம்மா, நடு க-வுக்குப் பொட்டு வைக்க மறந்துட்டேன். நாளைக்கு அப்பா கடைய எத்தனை மணிக்குத் திறப்பாங்க?"