பெருக்கல் குறியும் கைநாட்டும்

என் மருமகளின் பாட்டனார் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவ்வூரின் பழைய பதிவுகளை, சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அமர்ந்து நாங்கள் இருவரும் ஆறு மாதமாகத் துழாவிக்கொண்டிருக்கிறோம்.

ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றைத் தேவாலயங்கள் ஏட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஆணையிட்டார். அரசின் பிறப்பு, இறப்புப் பதிவோ 1837இல்தான் தொடங்கியது. ஏட்டில் இருப்பதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் முடியாது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 வயதைக் கடந்தவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்ததால், 39 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார். நாங்கள் தேடிய கொல்லரை, இது தெரியாமல், வேறு ஆள் என்று இரண்டு வாரம் ஒதுக்கிவைத்திருந்தோம்.

திருமண ஏட்டின் ஒரு பக்கத்தில் மணமகன் தட்டுத்தடுமாறித் தன் பெயரை எழுதியிருக்க, மணமகள் பெருக்கல் குறி மட்டும் இட்டிருந்தார். ஒரு கோடு மற்றதைவிடத் தடித்து, முனையில் மை திரண்டிருந்தது. கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டிய என் அப்பாயி நினைவுக்கு வந்தார்.

எங்கள் பக்கத்துக்கு அத்தகைய ஏடு ஏது? ரஜூலா கப்பலில் அப்பா வந்த கதையும், தேசிய நூலகத்தின் மின்னிலக்கத் தொகுப்பிலுள்ள பழைய தமிழ் முரசு இதழ்களும், தொண்ணூறைத் தாண்டிய அத்தையின் ஞாபகமும்தான். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்தேன். பாதி நேரம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கிறது, மறுபடி போக வேண்டும்.