வீட்டில் பூட்டி வைத்துக் குடியை நிறுத்தப் பார்த்தோம்

அண்ணன் குடி தாங்காமல் அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போன அன்றைக்குத்தான் விஷயம் எங்கள் கையை மீறிவிட்டது என்று புரிந்தது. அதற்கு முன் எல்லாம் செய்து பார்த்தாச்சு. கோயிலில் கயிறு கட்டினோம், 20 நாள் தாங்கியது. 'அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்கலாம்' என்று சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை நம்பி அம்மா ஒரு பொடி வாங்கிக் குழம்பில் கலந்தாள். பின்னால் டாக்டரிடம் இதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். டைசல்ஃபிரம் மாதிரி, குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற மருந்து உள்ளே போனது தெரியாமல் ஒருத்தன் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாம்.

அண்ணி போன மறுநாள் அண்ணனுக்கு ரோஷம். இனிமே தொடமாட்டேன் என்று படுத்துவிட்டான். நாங்களும் சந்தோஷமாகக் கதவைப் பூட்டினோம். முதல் நாளே கை நடுங்கி, டம்ளரைப் பிடிக்க முடியாமல் காபி பாதி லுங்கியில் கொட்டியது. மூன்றாம் நாள் விடியற்காலை பார்த்தால் போர்வையிலிருந்து எதையோ கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருக்கிறான்.

"என்னண்ணே பண்றே?"

"எறும்புடா. பாரு, எப்படி ஊருது."

ஒரு எறும்பும் இல்லை.

ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் ஆரம்பிக்கும், முதல் 2 நாளில் வலிப்பு வரலாம், அதை ஒட்டி இப்படிப் புத்தி தடுமாறும், கவனிக்காவிட்டால் ஆளே போய்விடலாம் என்றார் டாக்டர். தயாமின் என்கிற வைட்டமின் ஊசி, நடுக்கத்தை அடக்க லோராசிபாம் மருந்து, மனநலப் பிரிவில் 10 நாள். எங்கள் செலவு டீயும் பஸ்ஸும்தான்.

அதோடு முடியவில்லை. நாலாவது மாதம் ஒரு சாவு வீட்டில் மறுபடி குடித்துவிட்டான். இந்தத் தடவை கத்தாமல் மறுநாளே கூட்டிப்போனோம். அதற்கப்புறம்தான் டைசல்ஃபிரம், அவனிடமே எல்லாம் விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். இருமல் மருந்துகூட இப்போது பார்த்துத்தான் வாங்குகிறோம், சிலதில் ஆல்கஹால் இருக்கும். டாஸ்மாக் திறக்கிற 12 மணிதான் அவனுக்குப் பொல்லாத நேரம், அதனால் பதினொன்றரைக்கே சாப்பாடு போட்டுவிடுவோம். வயிறு நிறைந்திருந்தால் கொஞ்சம் அடங்குகிறது. வீட்டில் இப்படி ஒருத்தர் இருந்தால், பூட்டி வைக்காதீர்கள், முதலில் டாக்டரிடம் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் போதை மறுவாழ்வுக்கான அரசு உதவி எண் 14446-க்கு அடித்துக் கேளுங்கள், இலவசம்தான்.

அண்ணி இன்னும் வரவில்லை. ராத்திரி எனக்குத்தான் போன் வரும்: "மாத்திரை போட்டாரா தம்பி? நேர்ல பாத்தீங்களா?" பார்த்தேன் அண்ணி என்பேன். அண்ணன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பான், பேசமாட்டான். போன ஞாயிற்றுக்கிழமை சின்னவளை மட்டும் அனுப்பினார். இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடச் சொன்னார், விட்டுவிட்டு வந்தேன்.