பந்து உருளாத மாதங்கள்

2025 ஜூன் 20
தாக்குதல் நடுக்கள வீரர் விர்ட்ஸ் லிவர்பூலுக்கு வந்தாச்சு. 10 கோடி பவுண்டு, மேலே நிபந்தனைத் தொகை 1.6 கோடி. ஐந்து வருட ஒப்பந்தம் என்பதால் லிவர்பூல் கணக்கில் அந்தப் பத்து கோடி வருடத்துக்கு 2 கோடியாகத்தான் விழும். போன கோடையில் வந்த உடனே ஆடக்கூடியவர் முன்கள வீரர் கியேசா ஒருவர்தான், சுமார் 1 கோடி. அந்த சீசனில்தான் பிரீமியர் லீக் பட்டம். பிறகு இத்தனை அலப்பறை எதற்கு? ஆஃப் சீசன் அவ்வளவு முக்கியமா?

ஜூன் 27
போன வருடம் மாறியது பயிற்சியாளர் மட்டும். ஆட்டக்காரர்கள் பழையவர்கள், ஒருவன் எங்கே ஓடுவான் என்று மற்றவனுக்குத் தெரியும். இப்போது தலைகீழ். வலது, இடது பின்களம் இரண்டும் புதுசு: ஃப்ரிம்பாங், கெர்கெஸ். இருவருக்குமே முன்னால் ஓடத்தான் ஆசை.

ஜூலை 2
குவான்சாவை லெவர்குசனுக்கு விற்றாயிற்று. நடுப் பின்களத்தில் ஒரு ஆள் குறைவு.

ஜூலை 3
கார் விபத்தில் நம் முன்கள வீரர் ஜோட்டா. தம்பி ஆந்த்ரேயும்.

ஜூலை 13
நட்பு ஆட்டத்தில் ப்ரெஸ்டனை 3–1. இனி ஜோட்டாவின் 20ஆம் எண் யாருக்கும் இல்லை. ஆஃப் சீசன் முக்கியமா என்று கேட்கவே இன்று கூசுகிறது.

ஜூலை 24
முன்கள வீரர் எகிடிகேயும் வந்துவிட்டார். நடுப் பின்களத்துக்கு இன்னும் யாரும் இல்லை.

நட்பு ஆட்டத்தின் ஸ்கோரைப் பார்ப்பது வீண், நிமிடங்களைப் பார்க்க வேண்டும். முதலில் ஆளுக்கு 45, பிறகு 60, 75, கடைசியில் 90. மூன்று நான்கு வார ஓய்வில் போகும் மூச்சு சீக்கிரம் திரும்பும். தொடையின் பின்தசை அப்படியல்ல. முழுவேக ஓட்டத்தைப் பல நாள் விட்டுவிட்டுத் திடீரென்று கொடுத்தால் கிழியும். அதனால்தான் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறார்கள்.

இன்னொன்று, பிரஸ்ஸிங்: பந்து எதிரணியிடம் இருக்கும்போது சேர்ந்து நெருக்குவது. முன்கள வீரர் பாஸ் போகும் ஒரு பக்கத்தை அடைக்க வேண்டும், பத்தாம் எண்காரர் (தாக்குதல் நடுக்கள வீரர்) எதிரணியின் நடுக்கள வீரரை ஒட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் பக்கவாட்டுப் பின்கள வீரர் ஏற வேண்டும். அரை நொடி முந்தினாலும் பிந்தினாலும் முதுகுக்குப் பின்னால் பாதி மைதானம் காலி. இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது. சேர்ந்து ஓடிப் பழகணும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 10
வெம்ப்ளியில் கம்யூனிட்டி ஷீல்டு, கிரிஸ்டல் பேலஸுடன். இரண்டு முறை முன்னிலை, இரண்டையும் விட்டு 2–2. பெனால்டியில் போச்சு. கேடயத்தைத் தூக்கியவர் பேலஸ் கேப்டன் க்வேஹி. நமக்கு வேண்டிய அதே நடுப் பின்கள வீரர்!

ஆகஸ்ட் 15
போர்ன்மத்துடன் 4–2. ஆனால் 2–2 ஆக்கிய செமென்யோ தன் பாதியிலிருந்து பந்தோடு ஓடி வந்தார், குறுக்கே நின்று நிறுத்த ஆளில்லை. அந்த அரை நொடிதான்.
88வது நிமிடம் காப்பாற்றியது யார்? கியேசா. சிரிப்பதா அழுவதா?

ஆகஸ்ட் 16
பார்மாவிலிருந்து நடுப் பின்கள வீரர் லியோனி. வயது 18.

ஆகஸ்ட் 25
நியூகாசிலில் பத்துப் பேரை எதிர்த்து இரண்டு கோல் முன்னிலை, அதையும் விட்டாச்சு. 100வது நிமிடம் ங்குமோஹா, வயது 16, 3–2. யோகோஹாமா நட்பு ஆட்டத்தில் தனியாக வெட்டிக்கொண்டு போய் அடித்தானே, அந்தப் பையன். ஸ்கோரைப் பார்க்காதே என்று எழுதியது சரி, ஆட்டத்தையே பார்க்காதே என்று யார் சொன்னது?

செப்டம்பர் 1
நியூகாசில் முன்கள வீரர் இசாக், 12.5 கோடி. கோடை முழுக்க அணியோடு ஒரு நட்பு ஆட்டம்கூட ஆடாதவர். 45, 60, 75 எல்லாம் இனி லீக் ஆட்டங்களுக்கு நடுவில்தான்.
க்வேஹிக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறதாம். ஏழு மணிக்கு வீரர்களை வாங்கும் கதவு மூடும்.

இரவு
பேலஸ் பின்வாங்கிவிட்டது. நடுப் பின்களத்துக்கு இருப்பவர்கள்: வான் டைக், கொனாட்டே, கோமஸ், லியோனி.