அப்பாவின் வலது மணிக்கட்டு

2024 மார்ச் 5, செவ்வாய்

கடிகாரம் தபாலில் வந்துவிட்டது. சாவகச்சேரியில் தபாலதிபராக இருந்தவர் அப்பா. எந்த உறையையும் அவர் கிழிக்க மாட்டார், ஓரத்தைக் கத்தியால் நறுக்கித்தான் திறப்பார். அசைவை மந்தமாக்கும் பார்க்கின்சன் நோய் இன்று அவர் வலது கையைக் கத்தி பிடிக்க விடவில்லை. அம்மா கத்தியைப் பிடிக்க, அப்பா உறையை நகர்த்தினார். இருவருமாகத் திறந்தார்கள்.

இதற்குப் பிகேஜி என்று பெயர். ஆஸ்திரேலியாவில், மெல்பேர்னில் உருவான கருவி. உள்ளே இருக்கும் முடுக்கமானி கையின் அசைவைப் பதிந்துகொண்டே இருக்கும். நோய் கடுமையாக உள்ள பக்கத்து மணிக்கட்டில், ஆறு நாள் இரவு பகலாகக் கட்டியிருக்க வேண்டும். பிறகு கூடவே வந்த உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினால் போதும்.

2024 மார்ச் 6, புதன்

காலை 7 மணிக்கு வலக் கையில் கட்டினோம். இடக் கையில் பழைய கடிகாரம் இருக்கிறது, அதைக் கழற்ற அப்பாவுக்கு மனமில்லை. மாத்திரை வேளைகள் நான்கும் (7, 11, 3, 7) இதில் பதிந்திருக்கின்றன. வேளை வந்ததும் அதிரும். மாத்திரையை விழுங்கியபின் அதன் முகத்தில் விரலால் தடவ வேண்டும், அப்போதுதான் "எடுத்தாயிற்று" என்று பதியும்.

இந்தக் கருவி ஏன் வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். இரண்டு வருடமாக அம்மா ஒரே விஷயத்தைச் சொல்லி வருகிறார்: "மதியத்துக்குப் பிறகு அவர் வேறு ஆள், பிள்ளை." கிளினிக்கில் எங்களுக்கு எப்போதும் பன்னிரண்டு மணிக்குத்தான் நேரம் கிடைக்கும். பதினொரு மணி மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரம் அது. அப்பா எழுந்து நடப்பார், விரல்களைத் தட்டிக் காட்டுவார், மருத்துவரோடு சிரித்துப் பேசுவார். "நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். நானும் சனிக்கிழமை காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்கு முன் புறப்படுகிறவள். அம்மா களைப்பில் கூட்டிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒருமுறை அதை அவரிடமே சொல்லியும்விட்டேன்.

2024 மார்ச் 7, வியாழன்

இரவு படித்தேன். இங்கிலாந்தில் மருத்துவப் பரிந்துரைகளை வகுக்கும் நைஸ் அமைப்பு, 2023 ஜனவரியில் இவ்வகைக் கருவிகள் ஐந்தைப் பயன்படுத்தலாம் என்று சொல்லியிருக்கிறது. பிகேஜி அவற்றில் ஒன்று. இன்னொன்றான ஸ்டாட்-ஆன் ஸ்பெயினில் செய்தது, இடுப்பில் பட்டியாகக் கட்டுவது.

பிகேஜி இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு மதிப்பெண் போடுகிறது: அசைவு எவ்வளவு மந்தம், தன்னை மீறிய நெளிவு எவ்வளவு. நடுக்கத்தையும் கணக்கெடுக்கிறது. பார்க்கின்சன் நோயில் ஓய்வாக இருக்கும் கை வினாடிக்கு 4 முதல் 6 தடவை ஆடும். கறிக்கு வெட்டுவதும் பல் தேய்ப்பதும் வேறு விதமான அசைவுகள், அவற்றைப் பிரித்தறியத்தான் இத்தனை கணக்கும்.

2024 மார்ச் 9, சனி

இன்று நான் புறப்படவில்லை. மாலை வரை இருந்தேன்.

ஒன்றரைக்குச் சாப்பாடு: சோறு, பருப்பு, மீன் குழம்பு. அப்பா தானே பிசைந்து சாப்பிட்டார். இரண்டு மணிக்கு மேல் முகம் மெல்ல மெல்ல அணைந்தது. கண் இமைப்பதுகூடக் குறைந்தது. இரண்டரைக்குக் கழிப்பறைக்கு எழுந்தவர் சமையலறை வாசற்படியில் நின்றுவிட்டார். மேலுடம்பு முன்னே போகப் பார்க்கிறது, பாதங்கள் தரையில் ஒட்டிக் கிடக்கின்றன. நான் தோளைப் பிடித்து இழுக்கப் போனேன். "இழுக்காதே, விழுந்துவிடுவார்" என்று அம்மா தடுத்தார். தன் பாதத்தை அப்பாவின் பாதத்துக்கு முன் குறுக்காக வைத்து, "என் காலைத் தாண்டுங்கள்" என்றார். அப்பா தாண்டினார். அடுத்த எட்டுகள் தாமாகவே வந்தன.

மூன்று மணிக்குக் கடிகாரம் அதிர்ந்தது. மாத்திரையை விழுங்கவே நேரம் பிடித்தது. கடிகாரத்தின் முகத்தைத் தடவ அப்பாவின் இடது கட்டைவிரல் வரவில்லை. அம்மா அந்த விரலைப் பிடித்து நகர்த்தினார். நாலரை வரை மாத்திரை வேலை செய்யவில்லை.

பாதம் ஒட்டிக்கொண்டதை மணிக்கட்டுக் கருவி பிடிக்காது. இடுப்பில் கட்டும் ஸ்டாட்-ஆன் பிடிக்கும். அதனால் நானே எழுதி வைத்தேன்: 2.30, சமையலறை வாசல்.

எழுதப் போனபோதுதான் கடைக் காலண்டரைப் பார்த்தேன். ஒவ்வொரு நாள் கட்டத்திலும் அம்மா பென்சிலால் "2 – கல்", "2.15 – கல்" என்று எழுதியிருந்தார். சென்ற வருடக் காலண்டரையும் எடுத்துக் காட்டினார். அதிலும் அப்படியே. எனக்குப் பேச வாய் வரவில்லை.

2024 மார்ச் 12, செவ்வாய்

கழற்றியாயிற்று. திருப்பி அனுப்பும் உறையில் முகவரி அச்சடித்தே இருந்தது. ஆனாலும் பின்புறம் அனுப்புநர் முகவரி எழுதாமல் அனுப்பக் கூடாது என்று அப்பா உறுதியாக நின்றார். முதல் எழுத்து நெல்லளவு, கடைசி எழுத்து கடுகளவு. எழுதி முடிக்கும் வரை காத்திருந்தோம்.

2024 ஏப்ரல் 11, வியாழன்

கிளினிக். ஜேம்ஸ் பார்க்கின்சன் பிறந்த நாளும் இதுதான். லண்டன் ஹாக்ஸ்டனில் வைத்தியம் பார்த்தவர். இந்நோய் பற்றி 1817இல் அவர் எழுதிய நூலுக்கு ஆதாரம் வெறும் ஆறு பேர், அவர்களில் சிலரை அவர் கண்டதே தெருவில்தான். நடமாடும் மனிதரைப் பார்த்து எழுதியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மதிப்பு.

தாதி அறிக்கையை மேசையில் விரித்தார். நீலக் கோடு மந்தம் (கீழே போகப் போக மந்தம் அதிகம்), பச்சைக் கோடு நெளிவு, மாத்திரை வேளைகள் சிவப்பு நெடுங்கோடுகள். ஆறு நாளிலும் ஒன்றரைக்கும் நாலரைக்கும் இடையில் நீலம் சரிந்து கிடந்தது. அம்மா காலண்டரைப் பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். தாதி இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, காலண்டரைப் படமெடுத்து அப்பாவின் கோப்பில் சேர்த்தார்.

காரணம் இரண்டு. பதினொரு மணி மாத்திரையின் பலன் மூன்று மணிவரை நிற்பதில்லை. மூன்று மணி மாத்திரையோ பருப்பும் மீனும் செரிக்கும் நேரத்தில் உள்ளே போகிறது. மாத்திரையில் உள்ள லெவோடோபா என்ற மருந்தும் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடலில் ஒரே வாசலுக்குப் போட்டி போடுகின்றன, மூளைக்குள் நுழையும் இடத்திலும் அப்படித்தான். இனி ஐந்து வேளை: 7, 10, 1, 4, 7. மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு.

வெளியே வந்ததும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பஸ் வருகிறது, அப்பாவைப் பிடி" என்றார்.

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

பத்து நாளாயிற்று. இன்று இரண்டரைக்கு அப்பா தன் சட்டைப் பொத்தான்களைத் தானே போட்டார், ஐந்தையும். காலண்டரில் இந்த வாரம் இரண்டு இடத்தில் மட்டும் "கல்". ஆனால் இரவு எட்டு மணி வாக்கில் வலது தோள் லேசாக நெளிகிறது. முன்பு இப்படி இல்லை. மாத்திரை கூடிவிட்டதா என்று நாளை தாதியிடம் கேட்க வேண்டும். அம்மா அதற்கும் ஒரு சொல் வைத்து எழுதத் தொடங்கிவிட்டார்: "8 – கொடி."