ரீமேப் பண்ணலாமா அண்ணா?

சித்தி பையன் டர்போ டீசல் வண்டி எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இந்தக் கேள்வி. ரீமேப் என்றால் எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றி எழுதுவது. இருபது, முப்பது சதவீதம் பவர் கூடுமாம். கூடும்தான், பொய்யில்லை. டர்போ அழுத்தத்தையும் டீசல் அளவையும் ஏற்றிவிட்டால் வண்டி பறக்கும். ஆனால் அந்தக் கூடுதல் டார்க்கை, அதாவது முறுக்குவிசையை, தாங்க வேண்டியது கிளட்சும் கியர்பாக்ஸும் டர்போவும், அவை கம்பெனி போட்ட கணக்குக்குச் செய்தவை. அவை உடைந்து, ரீமேப் செய்ததும் தெரிந்துவிட்டால், வாரண்டியில் மாற்றித் தர மறுப்பார்கள் என்றேன்.

“சர்வீஸுக்கு விடும் முன்னால் பழைய ஃபைலையே ஏற்றிவிட்டால் எப்படித் தெரியும்?” என்கிறான். பல வண்டிகளின் ஈசியூவில், அதாவது அந்த எஞ்சின் கணினியில், எத்தனை முறை மென்பொருள் எழுதப்பட்டது என்று ஒரு எண்ணிக்கை பதிவாகும்டா, ஃபைலை மாற்றலாம், அது மாறாது. வோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் இது கண்டுபிடிக்கப்பட்டால் டிடி1 என்று ஒரு குறியீடே கம்பெனி கணினியில் ஏறிவிடும், அப்புறம் எந்த டீலரிடம் போனாலும் தெரியும். ரீமேப்புக்குப் பதிலாக வெளியே மாட்டும் ட்யூனிங் பாக்ஸ் ஈசியூவில் எழுதாது, கழற்றிவிடலாம், சரி, ஆனால் உடைந்த பாகத்தைப் பிரித்துப் பார்ப்பவனுக்கும் கண் இருக்கிறது.

அதற்காக மொத்த வாரண்டியும் போய்விடும் என்று மிரட்டுவதும் நியாயமில்லை. பவர் விண்டோ மோட்டார் பழுதானால் அதற்கும் ரீமேப்புக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவில் 1975இல் வந்த மக்னுசன் மோஸ் சட்டப்படி, மாற்றம்தான் பழுதுக்குக் காரணம் என்று கம்பெனி காட்ட வேண்டும். இங்கே பெரும்பாலும் வாரண்டிப் புத்தகத்தில் உள்ள வரியைக் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள், வழக்குப் போட்டு அலைய வேண்டியது நாம்தான்.

வாரண்டி முடியட்டும், நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனான்.