டாக்டர் கையில சுக்கான்

ட்ரெயின் அப்பர் பெர்த்ல நிமிர முடியாம கழுத்தை மடக்கிக்கிட்டு பாய்மரக் கப்பல் நாவல் ஒண்ணு படிச்சிட்டிருந்தேன், டக்குனு காக்ரேன் ஞாபகம் வந்துட்டார்.

தாமஸ் காக்ரேன், 'ஸ்பீடி'ங்கிற குட்டி பிரிட்டிஷ் போர்க்கப்பலோட கமாண்டர். ஆளு ஆறடிக்கு மேல, கேபின் உயரம் அஞ்சடிதான்.

ஷேவ் பண்ணணும்னா கூரை ஜன்னலைத் திறந்து தலையை மட்டும் வெளிய நீட்டி, மேல்தளத்துலயே சாமானெல்லாம் பரப்பி வெச்சுக்குவாராம்!

இந்தக் கப்பல்தான் 1801 மே 6, பார்சிலோனா பக்கத்துல 'காமோ'ங்கிற ஸ்பெயின் கப்பலைப் பிடிச்சுது. அங்க 32 பீரங்கி, 319 பேர். இவர்கிட்ட 14 பொடி பீரங்கி, 54 பேர்.

மனுஷன் நேரா போய் ஒட்டி உரசி நின்னுட்டார், அவங்க பீரங்கி உயரத்துல இருந்ததால குண்டெல்லாம் இவங்க தலைக்கு மேல பறக்குது, அப்புறம் மொத்தப் பேரும் அந்தக் கப்பல்ல ஏறிக் குதிச்சுட்டாங்க, சுக்கான் பிடிக்க மிச்சம் இருந்தது கப்பல் டாக்டர்தான்.

இதையே ஒருத்தர் கற்பனையா எழுதியிருந்தா "ஓவர் பில்டப்பு"ன்னு புக்கை மூடி வெச்சிருப்பேன். இந்த வகை நாவல் எழுதுறவங்க பாடு அதான், நெஜத்தைக் கொஞ்சம் கொறைச்சுச் சொன்னாத்தான் நம்புறோம்.

காக்ரேனை வெச்சு நாவல்காரங்க நெறையவே எழுதிட்டாங்க. எனக்கு அந்த டாக்டர் கதைதான் வேணும்.