மீட்டரில் பிரேக் விளக்கு எரிந்தால்

தண்டையார்பேட்டையில் எங்கள் ஷெட்டுக்கு வருகிறவர்கள் பலரும் "பிரேக் லைட் எரியுதுண்ணா, ஆயில் மட்டும் ஊத்திக் குடுங்க" என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார்கள். எந்த விளக்கு என்று முதலில் பார்ப்பேன். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறியோடு சிவப்பாக எரிந்தால், ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்காது, இல்லையென்றால் பிரேக் ஆயில் குறைந்திருக்கும். வட்டத்தின் இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கோடு போட்டு மஞ்சளாக எரிந்தால், அது பேட் தேய்மான விளக்கு. பேட் என்பது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை உள்ளேயும் வெளியேயும் இருந்து அழுத்தி வண்டியை நிறுத்தும் கட்டை. சின்னக் கார்கள் பலவற்றில் இந்த மஞ்சள் விளக்கே கிடையாது.

சிவப்புக்கும் பேடுக்கும் சம்பந்தம் உண்டு. பேட் தேயத் தேய, பேடைப் பிடித்து அழுத்தும் காலிப்பரின் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். எங்கேயும் கசியாமலே டப்பாவில் அளவு குறைவது இதனால்தான். ஆயிலை ஊற்றினால் விளக்கு அணைந்துவிடும், தேய்ந்த பேட் தேய்ந்தபடியே இருக்கும். அப்புறம் புது பேட் மாட்டப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது, கூடுதலாக ஊற்றியது பொங்கி வழிந்து பெயின்ட்டையும் கெடுக்கும். அதனால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் நான் ஆயில் ஊற்றுவதில்லை.

மஞ்சள் விளக்குக்குக் காரணமான சென்சார், பேடுக்குள் பதிந்த ஒரு கம்பி வளையம். பேட் ஏறக்குறைய 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் டிஸ்க் உரசி அந்தக் கம்பி அறுந்து விளக்கு எரியும். பேட் தடிமனாக இருக்கும்போதே எரிவதும் உண்டு. மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் போல, வெள்ளம் பார்த்த வண்டி என்றால் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கனெக்டரைப் பிரித்து சென்சார் பக்கம் மல்டிமீட்டர் வைத்தால், கம்பி அறுபடாத சாதாரண ஒற்றை வளைய சென்சார் கிட்டத்தட்ட சைபர் ஓம் காட்டும். காட்டினால் சென்சார் நன்றாக இருக்கிறது, கோளாறு வயரிங்கில்.

சிலர் சென்சாரை வெட்டிவிட்டு இரண்டு வயரையும் முறுக்கி டேப் சுற்றி அனுப்பிவிடுகிறார்கள். இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விளக்கு இனி எப்போதுமே எரியாது. அந்த வண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே குடும்பத்தோடு போகும்.

எங்கள் பகுதியில் அதிகம் ஏமாற்றுவது உள்பக்க பேட். அலாய் வீல் இடுக்கு வழியாக டார்ச் அடித்தால் வெளிப் பேட்தான் தெரியும். காசிமேடு, திருவொற்றியூரில் கடலோரம் நிறுத்துகிற வண்டிகளில் உப்புக்காற்றும் ஈரமும் ரப்பர் உறை கிழிந்த கைடு பின்னை, அதாவது காலிப்பர் நகர உதவும் கம்பியை, துருவேற்றி இறுக்கிவிடும். காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் வேகமாகத் தேயும். பல வண்டிகளில் முன்னால் ஒரு சக்கரத்தில்தான் சென்சார் இருக்கும். அடுத்த பக்கம் இரும்பு உரசினாலும் மீட்டரில் ஒன்றும் தெரியாது.

அதனால் விளக்கு எரிகிற வண்டியில் நாலு சக்கரத்தையும் பார்த்துவிடுவேன். கழற்றிய உள், வெளிப் பேட்களை வண்டிக்காரர் கையிலேயே கொடுப்பேன். வித்தியாசத்தைப் பார்த்தவர்கள், கைடு பின்னைச் சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் போட்டு ரப்பர் மாற்றும் கூலிக்குப் பேரம் பேசுவதில்லை.